கூரை மடங்கும் காருக்குப் பின்பக்க ஸ்பாய்லர் தேர்ந்தெடுப்பது எப்படி?

மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற, கூரை மடங்கும் ஈரிருக்கைக் காருக்கு ஸ்பாய்லர் (காற்றின் போக்கை மாற்றி, வேகத்தில் காரின் பின்பக்கம் மேலெழுவதைக் குறைக்கும் தடுப்பு) வாங்க விரும்புபவர், விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், தாம் கூரையை மூடி ஓட்டுவது அதிகமா, திறந்து ஓட்டுவது அதிகமா என்று யோசிக்க வேண்டும். மூடிய கூரையின் மீது காற்று ஓரளவு சீராக வழிந்து டிக்கி மூடி வரை வருகிறது; கூரையைத் திறந்தால், முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலேயே அது பிரிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் சுழலத் தொடங்கிவிடுகிறது. டிக்கி மூடியில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, பின்னால் வரும் காரிலிருந்து படம்பிடித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: பின்னோக்கிப் படிந்திருந்த நூல்கள், கூரை திறந்ததும் திசையின்றித் துடிக்கும். கலங்கிய அந்தக் காற்றில் நிற்கும் விங்கிடம் (டிக்கிக்கு மேல் தாங்கிகளில் உயர்ந்து நின்று காரைக் கீழே அழுத்தும் இறக்கை வடிவப் பாகம்) முழுப் பயனை எதிர்பார்க்க முடியாது. 2008ஆம் ஆண்டு மாடலாக வந்த எஸ்2000 சிஆர் காரில் ஹோண்டா பெரிய விங்கைப் பொருத்தியபோது, துணிக்கூரையை நீக்கிவிட்டுக் கழற்றக்கூடிய அலுமினியக் கூரையையே கொடுத்தது. எடைக் குறைப்பும் அதற்கு ஒரு காரணம்தான்.

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால், மணிக்கு 120 கிலோமீட்டரில் கிடைப்பதில் கால் பங்கே 60இல் கிடைக்கும். போர்ஷே, கூரை மடங்கும் தன் முதல் பாக்ஸ்டர் காரில் ஸ்பாய்லர் 120ஐ எட்டும்போதுதான் மேலெழும்படி அமைத்தது. ஆகவே சாலையில் மட்டும் ஓடும் காருக்கு, டிக்கி விளிம்போடு ஒட்டிய தாழ்வான லிப் (மெல்லிய விளிம்புப் பட்டை) அல்லது டக்டெயில் (வாத்து வால்போல் மேல்நோக்கி வளைந்த விளிம்பு) போதும். அழகுக்காக வாங்குவதும் குற்றமில்லை; அழகுக்காகத்தான் என்று தெரிந்து வாங்கினால் பணம் மிஞ்சும். பெரிய விங்கை மட்டும் பின்னால் வைத்து முன்பக்கத்தை அப்படியே விட்டால், வேகமான வளைவுகளில் முன்சக்கரங்களின் பிடி குறைந்ததுபோல் கார் வெளிப்பக்கம் அகலப் போகும்.

வாங்குமுன், பின்பக்கம் நடுவில் உள்ள மூன்றாவது பிரேக் விளக்கை ஸ்பாய்லர் மறைக்கிறதா என்றும், கூடுதல் எடையுடன் டிக்கி மூடி திறந்தபடி நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். பொருத்துவதற்காக டிக்கி மூடியில் துளையிட்டால், வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்புப் பெயின்ட் பூசி, ரப்பர் வாஷர் வைத்து அடைக்க வேண்டும். இல்லையெனில் மழைநீர் டிக்கிக்குள் இறங்கும். இருபுற ஒட்டுநாடா போதுமான இலகுவான லிப் என்றால், பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டிய பின் மூன்று நாள் வரை காரைக் கழுவாமல் விட வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகளில் உதிரிபாகத்துக்கு அங்கீகாரச் சான்றும் தேவைப்படும் என்பதால், அந்தக் காகிதம் இல்லாத பொருளை மலிவு என்று வாங்கக் கூடாது.