கிட் வாங்கிக் கோப்ரா கட்டுவது: முன்பணம் அனுப்புமுன் முடிவுசெய்ய வேண்டியவை

இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் தயாரித்துவந்த ஏஸ் என்ற எடை குறைந்த திறந்த காரில் ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பொருத்தி, 1962-இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி உருவாக்கிய வண்டியே கோப்ரா. 1967 வரை ஏறத்தாழ ஆயிரம் வண்டிகளே வெளிவந்தன. அவற்றுள் முதலாவது 2016-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அசல் எட்டாக்கனியாகிவிட்ட நிலையில், அதே உருவத்தைப் பெட்டிகளில் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேர்ஹம் நகரிலுள்ள ஃபேக்டரி ஃபைவ் நிறுவனம் 1995 முதல் இத்தகைய கிட்களை விற்றுவருகிறது. கோப்ரா என்ற பெயர் வர்த்தக முத்திரை என்பதால் அது தன் வண்டியை ரோட்ஸ்டர் என்றே அழைக்கிறது. அந்த வகைக் கிட்டை மனத்தில் வைத்தே இங்குள்ள ஆலோசனைகள் தரப்படுகின்றன.

முதலில் தீர்க்க வேண்டியது, உங்களுக்கு வேண்டியது வண்டியா, அதைக் கட்டும் வேலையா என்பது. இரண்டும் வேண்டும் என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சனிக்கிழமை முழுவதும் அலுமினியத் தகட்டில் துளையிட்டு ரிவெட் அடிப்பதை நினைத்தால் உற்சாகம் வராமல், கடற்கரைச் சாலையில் ஓட்டுவதை நினைத்தால் மட்டும் வருமானால், கிட் உங்களுக்கு ஏற்ற வழி அன்று. அத்தகையவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் போன்ற வண்டிகள் இருக்கின்றன. அவை பெயின்ட் முடித்து, உள்வேலை முடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் பொருத்த வேண்டிய நிலையில் வந்து சேரும். வேறொருவர் நன்றாகக் கட்டி முடித்த வண்டியை வாங்குவது பெரும்பாலும் அதைவிடவும் சிக்கனம். பாதியில் கைவிடப்பட்ட வண்டிகளும் சந்தைக்கு வருவதுண்டு. விலை குறைவாக இருந்தாலும், காணாமற்போன பாகங்களையும் முந்தையவர் இட்ட வயரிங்கையும் புரிந்துகொள்ளும் உழைப்பு புதுக் கிட்டைவிட அதிகமாகிவிடலாம் என்பதால், முதன்முறை கட்டுபவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து, முடிந்த வண்டி ஒன்றில் அமர்ந்து பாருங்கள். படத்தில் பார்த்து முடிவு செய்தவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இதன் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 90 அங்குலமே. எஞ்சின் பின்தள்ளி அமர்ந்திருப்பதால் கால் வைக்கும் இடம் குறுகியது, பெடல்கள் நெருக்கமானவை, அங்கே சூடும் அதிகம். உயரமானவர்களும் அகலமான காலணி அணிபவர்களும் கிளட்சை முழுவதும் மிதித்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் சைலன்சர் குழாய், இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுவிடும். கூரை இல்லை, காற்றுப்பை இல்லை. ஏ.பி.எஸ். போன்ற மின்னணுக் காவலும் இந்த வண்டிகளில் வழக்கமாக இருப்பதில்லை. ஒரு டன் எடையை ஒட்டிய வண்டியில் 300 குதிரைத்திறனுக்கு மேல் இருக்கும்போது, ஈரச் சாலையில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கு ஓட்டுநர் மட்டுமே பொறுப்பு. வீட்டிலுள்ளவர்களையும் அந்த இருக்கையில் ஒருமுறை உட்கார வைத்துவிடுவது நல்லது.

இதெல்லாம் சம்மதம் என்றால், கிட்டில் என்ன வருகிறது என்று பார்க்கலாம். வெல்டிங் செய்து முடித்த உருக்குக் குழாய்ச் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), ஃபைபர்கிளாஸ் உடல், அளவாக வெட்டிய அலுமினியத் தகடுகள் ஆகியவை எல்லாத் தொகுப்பிலும் உண்டு. அடிப்படைத் தொகுப்பை வாங்கினால், பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பிரித்து அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், பிரேக், ஸ்டியரிங் பாகங்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். முழுத் தொகுப்பில் சஸ்பென்ஷன், பிரேக், வயரிங் உள்ளிட்ட பெரும்பாலானவை புதிதாகவே வரும். ஆனால் அதிலும் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், சக்கரம், டயர், பெயின்ட் ஆகியவை வழக்கமாகத் தனிச்செலவு. பழைய வண்டியைப் பிரிப்பது மலிவு என்று தோன்றும். துருவைச் சுரண்டி, புஷ்களையும் பிரேக் காலிப்பர்களையும் மாற்றி, வெற்றுக்கூட்டை அப்புறப்படுத்தி முடிக்கும்போது மிச்சம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துபோகும். அந்த வண்டியையே ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும், பழைய பாகங்களைப் புதுப்பிப்பதில் விருப்பம் உள்ளவருக்கும் மட்டுமே அந்த வழி பொருந்தும் என்பது என் கருத்து.

எஞ்சினைக் கிட்டோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். கார்புரேட்டர் வைத்த 302 கன அங்குல ஃபோர்டு எஞ்சின், அதாவது 5 லிட்டர் எஞ்சின், சேசிஸுக்குள் எளிதாக அமர்வதோடு வயரிங்கும் குறைவு. அசலின் தொடக்க வண்டிகளில் இருந்த எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது கூடுதல் நிறைவு. 2011 மஸ்டாங்கில் அறிமுகமான கயோட் எஞ்சின் காலைக் குளிரிலும் முதல் சாவியிலேயே கிளம்பும், சக்தியும் அதிகம். ஆனால் இரட்டைக் கேம்ஷாஃப்டுகளால் அதன் தலைப்பகுதி அகலமாக இருப்பதோடு, தனிக் கட்டுப்பாட்டுக் கணினியும் உயரழுத்த எரிபொருள் அமைப்பும் தேவைப்படும். எஞ்சின் தாங்கிகள், பெடல் பகுதித் தகடுகள், சைலன்சர் குழாய் எல்லாம் எஞ்சினுக்கு ஏற்ப மாறுபடுவதால், பாதி வேலைக்குப் பின் மனம் மாறினால் வாங்கியவற்றில் பலவற்றை மீண்டும் வாங்க நேரிடும்.

திட்டமிடுபவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுவது உடல் வேலையையும் பெயின்டையும்தான். அச்சிலிருந்து வரும் ஃபைபர்கிளாஸ் உடலின் மேற்பரப்பு பளபளப்பாகத் தோன்றினாலும் பெயின்டுக்குத் தயாரானதன்று. அச்சுப் பகுதிகள் சேர்ந்த இடங்களில் மேடான கோடுகள் இருக்கும். கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளிகள் சீராக இருக்கமாட்டா. அவற்றைச் செதுக்கியும் சேர்த்தும் ஒழுங்குபடுத்தி, பட்டி பார்த்து, நீளமான தேய்ப்புப் பலகையால் வளைவு தவறாமல் தேய்த்து, மீண்டும் பிரைமர் அடித்துத் தேய்க்க வேண்டும். வெளியே கொடுத்தால் இதற்கான கூலி எஞ்சின் விலைக்கு நிகராகவே வந்துவிடக்கூடும். வழக்கமான விபத்துப் பழுது பார்க்கும் டிங்கரிங் கடைகள் பல இவ்வேலையை எடுக்கத் தயங்கும், எடுத்தாலும் கையில் வேறு வேலை இல்லாத நாளில்தான் தொடும். ஆகவே உங்கள் பகுதியில் கிட் வண்டி உடல்களில் வேலைசெய்த பெயின்டர் ஒருவரைக் கிட் வாங்குமுன்பே கண்டு, அவர் முடித்த வண்டியைப் பார்த்து, உத்தேசத் தொகையை எழுத்தில் பெறுங்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மட்டும் மேலே செல்லலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, இரு வண்டிகள் நிற்கும் கராஜ் வசதியானது. வேலை நடக்கும்போது உடல் சேசிஸிலிருந்து பலமுறை ஏறி இறங்கும். இறக்கிய உடலை எங்கே வைப்பது என்பதற்கு, சக்கரம் பொருத்திய மரத்தாங்கி செய்து வெளியே மூடி வைப்பதோ மேற்கூரையிலிருந்து தொங்கவிடுவதோ விடையாகலாம். இத்தகைய கிட்டுக்கு வெல்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துளையிடுதல், ரிவெட் அடித்தல், முறுக்கு அளவுக் கருவியால் போல்ட் இறுக்குதல், பிரேக் குழாய் வளைத்தல், வயரிங் படம் படித்தல் ஆகியவற்றைப் பொறுமையுள்ளவர் கற்றுக்கொள்ளலாம். நேரம் சில நூறு மணிகளுக்குக் குறையாது. வாரத்துக்கு எத்தனை மணி உண்மையில் ஒதுக்க முடியும் என்று கணக்கிட்டு, பிள்ளைகளின் தேர்வு, ஊர்ப்பயணம், அலுவலக நெருக்கடி ஆகியவற்றைக் கழித்த பிறகு வரும் ஆண்டுக் கணக்கையே வீட்டில் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் பதிவுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. சில மாநிலங்களில் வண்டி எந்த ஆண்டின் உருவத்தை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டாகவும், சிலவற்றில் கட்டி முடித்த ஆண்டாகவும் பதிவாகும். கலிஃபோர்னியாவில் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதைப் பெற்றால், உடல் அல்லது எஞ்சின் ஒத்திருக்கும் ஆண்டின் அளவுகோலிலேயே புகைக் கட்டுப்பாடு தீர்மானிக்கப்படும். 1965-ஐ ஒத்த உடலுக்கு இதன் பயன் பெரிது. அந்த எண்ணிக்கை ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகத் தொடங்குகிறது. எந்த மாநிலமானாலும் பதிவு அலுவலகத்தை முதலிலேயே அணுகி, தேவையான ஆவணங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். இந்தியாவில் இருந்தபடி இப்படி ஒன்றைக் கட்டிச் சாலையில் ஓட்ட நினைப்பவர்களுக்கு வழி மிகக் கடினம். இங்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், தயாரிப்பாளர் மாதிரி வண்டியைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் ஒப்புதல் பெறுவதையே அடிப்படையாகக் கொண்டவை.

பணத்தைப் பற்றி ஒன்று. செலவு முழுவதையும் விற்கும்போது திரும்பப் பெறலாம் என்று கணக்குப் போடாதீர்கள், உங்கள் உழைப்புக்கு எந்த வாங்குபவரும் கூலி தரமாட்டார். சேசிஸ் தொடங்கித் திருகாணி வரை ஒரு பட்டியல் எழுதி, கருவிகள், வரி, லாரி வாடகை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து, அதன்மேல் கணிசமான ஒரு பங்கைக் கூட்டிவையுங்கள். காப்பீட்டில், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் மதிப்பைச் சொல்பவர் காப்பீட்டு நிறுவனத்தாராக இருப்பார். கட்டும் காலத்திலும் கராஜிலுள்ள பாகங்களுக்குக் காப்பீடு கிடைக்குமா என்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவு உறுதியாக இருந்தால், கட்டும் கையேட்டை முன்னதாகவே பெற்று ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள். அனுப்பும்போதே, தயாரிப்பாளரின் பிறப்பிடச் சான்றிதழ், அதாவது கிட்டைத் தயாரித்தது யார் என்று காட்டும் ஆவணம், உங்கள் பதிவுப்பெயரிலேயே வருமா என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கிட் வந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் பட்டியலோடு ஒப்பிட்டு, குறைந்த பாகங்களைக் கெடுவுக்குள் தெரிவித்து, முதல் ரசீதிலிருந்தே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுவாருங்கள். எஞ்சின் எங்கே வாங்கியது, கியர்பாக்ஸ் எங்கே வாங்கியது, வரி செலுத்தியாயிற்றா என்று பதிவு அலுவலர் கேட்கும்போது அந்தக் கோப்பைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.