கல்லூரி அணியில் சேர நினைப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறீர்களா? வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே உடற்கல்வி இயக்குநரைப் போய்ப் பாருங்கள். நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் செலக்‌ஷன் முடிந்திருக்கும். பள்ளி, மாவட்ட அளவில் வாங்கிய சான்றிதழ்களின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழே இல்லையென்றாலும் தயங்க வேண்டாம். மாலைப் பயிற்சிக்குத் தவறாமல் வருபவரைப் பயிற்சியாளர்கள் கவனிக்காமல் இருப்பதில்லை.

கல்லூரி அணியில் இடம் கிடைத்துவிட்டால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் உங்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு எடுப்பார்கள். அங்கிருந்து தென் மண்டலம், அகில இந்தியப் போட்டிகள். இவற்றில் பதக்கம் வாங்கினால் சான்றிதழோடு மூன்றாம் எண் படிவத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அதைத்தான் கேட்பார்கள். பல பேர் பதக்கத்தை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, படிவத்துக்காகப் பிறகு அலைகிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, பணம்? விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குப் பல தனியார் கல்லூரிகள் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் குறைக்கின்றன. என்ன சலுகை என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். போட்டிக்குப் போகும் பயணச் செலவு, உபகரணம் ஆகியவற்றுக்கு, விளையாட்டு வீரர்களுக்கு உதவ 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். போட்டித் தேதி தெரிந்த அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம், டிக்கெட், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.