பிராக் பழைய நகர மன்றக் கோபுரம்: மணி அடிக்கும்போது போகாதீர்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராக் வரும் உறவுக்காரர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் பழைய நகரச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. நல்ல செருப்பு போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிறகும் தவறு என்றே தெரியாத சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

தப்பான கட்டடத்துக்குப் போவது

1784 வரை பிராக் ஒரே ஊர் இல்லை. பழைய நகரம், புதிய நகரம், மாலா ஸ்ட்ரானா, ஹ்ராட்சானி என்று நான்கு ஊர்கள் தனித்தனியாக இருந்தன. இரண்டாம் ஜோசப் பேரரசர்தான் அவற்றை ஒன்றாக்கினார். ஊருக்கொரு நகர மன்றம் இருந்ததால் வரைபடத்தில் 'டவுன் ஹால்' என்று தேடினால் குழப்பம்தான். 1419இல் கவுன்சிலர்களை ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்களே, அது சார்லஸ் சதுக்கத்தில் இருக்கும் புதிய நகரத்தின் மன்றம். அதற்கும் ஒரு கோபுரம் உண்டு. மேயர் உட்காரும் அலுவலகம் மூன்றாவது ஒரு கட்டடத்தில். நீங்கள் தேட வேண்டிய பெயர் 'ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா ராட்னிட்ஸே', அதாவது பழைய நகர மன்றம். அதே பெயரின் முதல் பாதியைக் கொண்ட மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான்.

மணி அடிக்கும் நேரத்தைக் குறிவைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

கோபுரத்தின் தெற்குச் சுவரில் அந்தப் புகழ்பெற்ற வானியல் கடிகாரம் இருக்கிறது. காலை 9 மணியிலிருந்து இரவு 11 மணி வரை, மணிக்கு ஒருமுறை, மேலே இருக்கும் இரண்டு சின்ன ஜன்னல்கள் திறக்கும். இயேசுவின் பன்னிரண்டு திருத்தூதர்களும் பொம்மைகளாக வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கீழே எலும்புக்கூடு உருவத்தில் நிற்கும் மரணம் கயிற்றை இழுத்து மணியடிக்கும். பக்கத்தில் நிற்கும் துருக்கியர் பொம்மை தலையை ஆட்டி 'வரமாட்டேன்' என்னும். கடைசியில் சேவல் ஒரு தடவை கூவும். மொத்தமே ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இந்த ஒரு நிமிடத்துக்காக அரைமணி முன்பிருந்தே கூட்டம் சேர்கிறது. எல்லோருடைய கையும் கண்ணும் மேலே இருக்கிற அந்த நேரம்தான் ஜேப்படிக்காரர்களுக்கு முகூர்த்தம். சேவல் கூவியதும் 'அடுத்து கோபுரம்' என்று பாதிக் கூட்டம் அப்படியே நுழைவாயிலுக்குத் திரும்பும். உள்ளே லிஃப்ட் சின்னது, உச்சியில் சுற்றிவரும் மாடம் குறுகலானது. வரிசை நகரவே நகராது.

ஒருநாள் பயணமாகப் பேருந்தில் வந்த ஒரு குடும்பத்தோடு போயிருந்தேன். மூன்று மணிக் காட்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இரண்டரைக்கே வந்து நின்றுவிட்டார்கள். "இப்போது மேலே போய் வந்துவிடலாம், நான்கு மணிக்குக் காட்சி பார்க்கலாம்" என்றேன். கேட்கவில்லை. காட்சி முடிந்ததும் வயதான அத்தை ஒருவர் என் பக்கம் திரும்பி, "இவ்வளவுதானா தம்பி?" என்றார். அதற்குப் பிறகு கோபுர வரிசையில் நின்றோம். நாலே காலுக்குப் பேருந்து. வாங்கிய டிக்கெட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு அப்படியே கிளம்பினார்கள். காசு போனதுகூடப் பெரிதில்லை. அத்தனை தூரம் வந்து, அந்த ஊரை மேலிருந்து பார்க்காமலே போய்விட்டார்கள்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மணி அடிக்கும் முன்பு கீழே எல்லோரும் அண்ணாந்து காத்து நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் மேலே போய்விடுங்கள். ஆனால் காட்சியையும் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். கடிகாரம் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும். அண்ணாந்த முகங்கள்தான் தெரியும். திருத்தூதர்களை நெருக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கோபுரத்துக்குள்ளேயே இருக்கும் 1381ஆம் ஆண்டுச் சிற்றாலயத்துக்குப் போங்கள். அவர்கள் சக்கரத்தில் ஏறி ஜன்னலுக்குப் போவதை உள்ளேயிருந்தே பார்க்கலாம். வெளியே நின்றுதான் பார்ப்பேன் என்றால் இரவு பத்து மணி, பதினொரு மணிக் காட்சிக்கு வாருங்கள்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. எல்லோரும் காத்திருக்கும் அந்தப் பொம்மைகள் கடிகாரத்தோடு பிறந்தவையே அல்ல. கடிகாரம் 1410இல் வந்தது. திருத்தூதர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்ந்தவர்கள். 1945 மே மாதம் ஜெர்மன் படைகளின் தாக்குதலில் அவர்களும் எரிந்துபோக, வோய்டியெக் சுஹார்டா என்ற சிற்பி 1948இல் புதிதாகச் செதுக்கியவர்கள்தான் இன்று வந்துபோகிறார்கள். 1410இன் வேலைப்பாடு அவர்களுக்குக் கீழே உள்ள வட்டத்தில் இருக்கிறது. அது நாள் முழுக்க, கூட்டமே இல்லாத நேரத்திலும், சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

வட்டத்தைப் படிக்காமல் போவது

பத்து நிமிடம் கொடுங்கள், போதும். நடுவில் இருப்பது பூமி. நீலம் பகல், கறுப்பு இரவு, இடையிலுள்ள செம்மஞ்சள் அந்தியும் விடியலும். பொன் கை ரோமன் எண்களில் நமக்குப் பழகிய நேரத்தைக் காட்டும். வெளியே பழைய பாணி எண்களோடு 24 வரை போகும் வளையம் பழைய செக் நேரம். அங்கே நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. அஸ்தமன நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வளையமும் வருடம் முழுக்க முன்னும் பின்னும் நகரும். நீலப் பகுதியில் வளைந்த கோடுகள் தெரிகின்றனவா? அவை உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலைப் பன்னிரண்டாகப் பிரிப்பவை. கோடையில் ஒவ்வொரு பங்கும் நீளம், குளிர்காலத்தில் குட்டை. நிலவு ஒரு உருண்டை. பாதி வெள்ளி, பாதி கறுப்பு. அது தானே சுழன்று வளர்பிறை தேய்பிறையைக் காட்டும்.

நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. மையம் விலகிச் சுழலும் சின்ன வளையம் ராசிச் சக்கரம். அதன் மேல் சூரியன் எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய ராசி. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த ஒருவர், "பங்குனிதானே நடக்கிறது, மீனத்தில் இருக்க வேண்டிய சூரியன் மேஷத்தில் நிற்கிறதே, கடிகாரம் தப்பு" என்று அடித்துச் சொன்னார். தப்பில்லை. ஐரோப்பியக் கணக்கில் மார்ச் 21 வாக்கில், பகலும் இரவும் சமமாகும்போதே மேஷம் பிறந்துவிடும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துப் பார்ப்பதால் சித்திரை முதல் நாள் வரை காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுமார் 24 பாகைதான் நம் ஜோசியர்கள் சொல்லும் அயனாம்சம்.

ஹனுஷ் கதையை நம்புவது

இந்தக் கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்பவர் வேறு ஊருக்கும் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நகர மன்றத்தார் அவர் கண்ணைக் குருடாக்கினார்கள் என்று குடைபிடித்த வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். கட்டுக்கதை. செய்தவர் கடான் என்ற ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர். வானியல் கணக்கில் யான் ஷிண்டெல் என்ற அறிஞரின் கை இருந்தது.

லிஃப்ட் இல்லை என்று பாட்டியைக் கீழே உட்காரவைப்பது

இருக்கிறது. கூட்டிப்போங்கள்.

திங்கட்கிழமை அதிகாலையில் போய் நிற்பது

மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் திறப்பார்கள்.

வெளிச்சத்தை யோசிக்காமல் ஏறுவது

கிழக்கே எதிரில் நிற்கும் தின் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் மேற்குப் பார்த்தவை. பிற்பகல் வெயிலில்தான் பளிச்சிடும். பிராக் கோட்டை மேற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்குக் காலை வெயில் வேண்டும். இரண்டும் ஒரே ஏற்றத்தில் நன்றாக வராது. என்னைக் கேட்டால் பிற்பகல். டிசம்பரில் வந்தால் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இறங்கியதும் நேரே சாப்பிடப் போவது

கோபுரத்தின் கிழக்குப் பக்கத் தரையைப் பாருங்கள். கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று அப்போது இங்கே ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து அரசுக்கு எதிராகக் கிளர்ந்த 27 தலைவர்களை இங்கேதான் கொன்றார்கள். செல்ஃபிக்கு இடம் தேடி அதன் மேலேயே நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கூசும். அப்படியே வடக்கே திரும்பினால் கட்டடம் பாதியில் அறுந்து நிற்பது தெரியும். அங்கே இருந்த பக்கக் கட்டடம் 1945இல் எரிந்தது. பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை. இப்போது புல்லும் மரமும்தான்.

சதுக்கத்தைச் சுற்றிப் பணம் மாற்றுவது

இங்கே செலாவணி கொருனா, யூரோ அல்ல. கோபுரத்தில் கார்டே போதும். மாற்றியே தீர வேண்டுமென்றால் பலகையில் போட்டிருக்கும் விலையை நம்பாமல், 'இத்தனை யூரோவுக்குக் கையில் எவ்வளவு வரும்' என்று முதலில் கேளுங்கள். ஏமாந்துவிட்டால், 1000 யூரோ மதிப்பு வரை 3 மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் ரத்து செய்ய 2019 முதல் சட்டத்தில் இடமிருக்கிறது. ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். தெருவில் வந்து "நல்ல விலை தருகிறேன்" என்பவரிடம் மாற்றினால் ரசீதும் கிடையாது, ரத்தும் கிடையாது. கையில் வருவது வேறு ஏதோ நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும்.