‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ சண்டை: ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எப்போது பார்த்தாலும் முட்டி மோதிக்கொண்டிருக்கும் இருவரைப் பற்றிச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ஃபைட் லைக் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்ற மரபுத்தொடர் உண்டு. தெரிந்த தொடர்தான், ஆனாலும் வாக்கியத்தில் வைக்கும்போது பலருக்குப் பிசகிவிடுகிறது. தொடரை மட்டும் ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வாக்கியத்தைத் தமிழில் யோசிப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘மை ப்ரதர் அண்ட் ஐ ஆர் ஃபைட்டிங் லைக் எ கேட் அண்ட் எ மவுஸ் சின்ஸ் சைல்ட்ஹுட்.’ நானும் அண்ணனும் சின்ன வயதிலிருந்தே எலியும் பூனையுமாக இருக்கிறோம் என்று சொல்ல வந்தவர் எழுதக்கூடியது இது. இதில் மூன்று பிழைகள்.

முதலாவதுதான் பெரிய பிழை. தமிழில் எலியும் பூனையும், கீரியும் பாம்பும் என்றால் தீராத பகை. ஆங்கிலத்தில் ‘கேட் அண்ட் மவுஸ்’ என்றால் அந்தப் பொருளே வராது. ஒருவர் துரத்த, இன்னொருவர் நழுவிக்கொண்டே இருப்பது, அல்லது வலுத்தவர் எளியவரை உடனே பிடிக்காமல் விட்டுவிட்டு அலைக்கழிப்பது என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். போலீசுக்கும் தலைமறைவான திருடனுக்கும் அது பொருந்தும். சமபலத்தில் மல்லுக்கு நிற்கும் அண்ணன் தம்பிக்குப் பொருந்தாது. கீரி, பாம்பை அப்படியே மொழிபெயர்த்தால் கேட்பவர் ஊகித்துக்கொள்வார், அவ்வளவுதான். அங்கே அது வழக்கில் உள்ள தொடர் அல்ல.

இரண்டாவது பிழை ‘எ’. இந்தத் தொடருக்குள் ‘எ’, ‘தி’ எதுவும் நுழையாது. அமெரிக்கர்கள் ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று பன்மையில் சொல்வார்கள். பிரிட்டிஷ் வழக்கில் ‘கேட் அண்ட் டாக்’ என்ற ஒருமை வடிவம் பரவலாக உண்டு. இரண்டும் சரி. ‘கேட் அண்ட் டாக்ஸ்’ என்று பாதிப் பாதி கலப்பது தவறு. நாயை முன்னால் போட்டு ‘டாக்ஸ் அண்ட் கேட்ஸ்’ என்றால் இலக்கணம் இடிக்காது, ஆனால் மரபுத்தொடர் உடைந்துவிடும்.

மூன்றாவது, காலம். ‘சின்ஸ்’ வந்துவிட்டால் ‘ஆர் ஃபைட்டிங்’ நிற்காது. ‘ஹேவ் பீன் ஃபைட்டிங்’ என்று வர வேண்டும். சின்ன வயதில் சண்டை போட்டோம், இப்போது இல்லை என்றால் ‘யூஸ்ட் டு ஃபைட்’. இன்றைக்கும் இதே கதைதான் என்றால் ‘தே ஃபைட் லைக் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்ற சாதாரண நிகழ்காலமே போதும். சலிப்போ எரிச்சலோ தெரிய வேண்டுமானால் ‘தே ஆர் ஆல்வேஸ் ஃபைட்டிங்’ என்று எழுதலாம். அந்த ‘ஆல்வேஸ்’தான் அங்கே தொடர் நிகழ்காலத்தை வழக்கச் செயலாக மாற்றுகிறது.

எழுவாயிலும் கவனம் தேவை. ‘அவன் தம்பியோடு எலியும் பூனையுமாக இருக்கிறான்’ என்று தமிழில் ஒருமையில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஹி ஃபைட்ஸ் லைக் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று நிறுத்தினால் யாரோடு என்ற கேள்வி தொங்கும். ஒற்றை ஆள் இரண்டு விலங்குகளாக முடியாது அல்லவா? ‘ஹி அண்ட் ஹிஸ் ப்ரதர் ஃபைட்…’ என்று இரு தரப்பையும் எழுவாயிலேயே வைத்துவிடுங்கள். ‘ஃபைட் வித்’ என்று எழுதுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு: ஒருவரை எதிர்த்துச் சண்டையிட்டார் என்றும் பொருள்படும், அவர் பக்கம் நின்று சண்டையிட்டார் என்றும் பொருள்படும்.

எதற்காகச் சண்டை என்று சொல்லும்போது ‘ஃபார்’ என்று கை தானாகப் போகும். ‘ஃபைட் ஃபார்’ பெரும்பாலும் ஒன்றை அடையவோ காக்கவோ போராடுவது. சச்சரவுக்குக் காரணமான பொருளைச் சொல்ல ‘ஓவர்’தான் இயல்பு: ‘தே ஃபைட் ஓவர் தி ரிமோட்.’

இலக்கணம் எல்லாம் சரியாக அமைந்தும் தொடர் தவறான இடத்தில் உட்காரலாம். இது பேச்சு வழக்கின் தொடர். சிறுபிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், ஓயாமல் வாக்குவாதம் செய்யும் தம்பதி என்று வீட்டுச் சூழலுக்கு ஏற்றது. அடி உதை விழும் குடும்பத்தைப் பற்றி இப்படி எழுதவே கூடாது. ஒருவர் அடிக்க, ஒருவர் அடிவாங்குவதை இருவரும் சமமாகச் சண்டை போட்டதாக இது காட்டிவிடும், கொடுமையை விளையாட்டாக்கிவிடும். அலுவலக அறிக்கைக்கும் இது ஒத்துவராது.

அங்கே ‘அட் லாகர்ஹெட்ஸ்’ உதவும். ஊதியம் பற்றித் தொழிற்சங்கமும் நிர்வாகமும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்றால் ‘தி யூனியன் இஸ் அட் லாகர்ஹெட்ஸ் வித் தி மேனேஜ்மென்ட் ஓவர் பே.’ ஆளுக்கு ‘வித்’, விஷயத்துக்கு ‘ஓவர்’. முன்னால் ‘அட்’ மட்டுமே வரும்; ‘இன்’, ‘ஆன்’ வராது. கடைசி ‘ஸ்’ஸை விட்டுவிடாதீர்கள், ஒருமையில் அது பெரிய தலை கொண்ட ஒரு கடலாமையின் பெயர். இதை வினைச்சொல்லாக்கி ‘தே லாகர்ஹெட்’ என்பதும் தவறு.

கருத்து வேறுபாடு இருக்கிறது, முறுக்கு அவ்வளவு இல்லை என்றால் ‘அட் ஆட்ஸ் வித்’ போதும். இது ஆட்களைத் தவிர மற்றவற்றுக்கும் வரும்: ஒருவரின் வாக்குமூலம் சாட்சியத்தோடு முரண்படுகிறது என்பதற்கு ‘ஹிஸ் ஸ்டேட்மென்ட் இஸ் அட் ஆட்ஸ் வித் தி எவிடன்ஸ்.’ அங்கே லாகர்ஹெட்ஸைப் போட முடியாது.

மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை என்பதை நாசூக்காகச் சொல்ல ‘வி டோன்ட் சீ ஐ டு ஐ ஆன் திஸ்’ நல்ல தொடர். கண்ணைக் குறிக்கும் இரண்டு ‘ஐ’யும் ஒருமைதான், ‘ஐஸ் டு ஐஸ்’ என்று எழுதக்கூடாது. முகம் பார்ப்பதில்லை, பேச்சுவார்த்தை இல்லை என்றும் இதற்குப் பொருள் இல்லை. தினமும் சேர்ந்து சாப்பிடும் இருவருக்கும் ஒரு விஷயத்தில் இது பொருந்தலாம்.