ஆடிட்டர் ஆபீஸில் புது சாஃப்ட்வேர்: டிராயருக்குள் நோட்டு ஏன் இருக்கிறது?

காரைக்குடியில் எனக்குப் பழக்கமான ஒரு ஆடிட்டர் ஆபீஸ். எந்தப் பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) வரி ரிட்டர்ன் யார் கையில் இருக்கிறது, எதனால் நிற்கிறது, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதையெல்லாம் ஒரே திரையில் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் போனேன். திரை முழுக்கப் பச்சை, எல்லா வேலையும் முடிந்ததாகக் கணக்கு. உண்மையான நிலவரமோ, முப்பது வருஷமாக அங்கே இருக்கும் அண்ணனின் டிராயரில் ஒரு நீள நோட்டில் இருந்தது. "திரை சாருக்கு, நோட்டு நமக்கு" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

"பழைய ஆட்கள் மாறமாட்டார்கள்" என்று இதைப் பார்த்து முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. அவர் கையால் பேரேடு எழுதிய காலத்திலிருந்து டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு வந்தவர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ராத்திரி உட்கார்ந்து போர்ட்டலைப் பழகியவர். இரண்டு இடத்தில் எழுதச் சொன்னால், தனக்கு உதவுகிற இடத்தில்தான் யாரும் உண்மையை எழுதுவார்கள்.

அவருக்குத் திரை ஏன் உதவவில்லை? முதலாளியே அதைத் திறந்து பார்ப்பதில்லை. காலையில் உள்ளே வரும்போதே, "அண்ணே, புதுவயல் ரைஸ் மில் என்னாச்சு?" என்பார். வெளியூர் போனால் வாட்ஸப்பில் அதே கேள்வி. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அப்புறம் எதற்குப் பதிய வேண்டும்? செட்டிநாட்டில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்தில், அங்கிருந்து ஐந்தொகை, அதாவது கடையின் இருப்புநிலைக் கணக்கு, ஊருக்கு வரும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேலாளை, அதாவது கடைப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு "என்னாச்சு" என்று கேட்க முடியாது. ஏட்டில் இருந்ததுதான் நிலவரம். இன்றைக்கு அண்ணனின் மேசை பத்தடியில் இருப்பதுதான் சிக்கல். முதலாளி ஒரு மாதம் வாயை அடக்கிக்கொண்டு, திரையில் பார்த்து மட்டும் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். எந்தப் பயிற்சி வகுப்பையும் விட இது முக்கியம் என்பது என் எண்ணம். இதுதான் மிகக் கஷ்டமும்கூட.

அடுத்து நாள் பார்க்கும் விஷயம். விஜயதசமிக்குத் தொடங்கினால் நல்லது என்று தொடங்கிவிடுகிறார்கள். நாள் நல்லதுதான், மாதம் சரியில்லை. செப்டம்பர் 30 வரி தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31 அந்தப் பார்ட்டிகளின் ரிட்டர்ன். இரண்டுக்கும் நடுவில் போய் புதுத் திரையைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? மாதத்துக்குள்ளும் இப்படித்தான். 7-ம் தேதி பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ், 11 விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ல் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி. மூச்சுவிட நேரம் கிடைப்பது 21-க்கு மேல்தான். என்னைக் கேட்டால் நவம்பர் கடைசி வாரம் என்பேன். விட மனசில்லையென்றால் விஜயதசமியன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, வேலையை நவம்பரில் தொடங்குங்கள்.

விற்க வந்தவர் காட்டிய படிகளை அப்படியே ஏற்றுக்கொள்வது இன்னொரு தவறு. அந்த ஆபீஸில் ஒரு 3பி-க்கு இருபதுக்கும் மேல் டிக் அடிக்க வேண்டியிருந்தது. பில் வந்தது, பதிந்தது, போர்ட்டலில் வரும் கொள்முதல் விவரமான 2பி-யோடு ஒத்துப்பார்த்தது, வரி கட்டியது, ஃபைல் பண்ணியது. இந்த ஐந்து போதும். அதே சமயம், உண்மையில் தேவைப்படும் தகவலுக்குத் திரையில் கட்டமே இல்லை. பலகாரம் போடும் ஒரு ஆச்சியின் கணக்குக்கு ஓடிபி சிங்கப்பூரில் இருக்கும் மகனின் போனுக்குப் போகும். நமக்கு ஏழு மணி என்றால் அங்கே ஒன்பதரை; அதற்கு மேல் கேட்டால் மறுநாள்தான். இது நோட்டில் இருந்தது. பார்ட்டிகளின் பெயரும் அப்படித்தான். திரையில் வரிசையாக நாலு அழகப்பன். ஆபீஸில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லித் தேடுவதில்லை, விலாசத்தை, அதாவது முன்னெழுத்துகளை வைத்துத்தான் சொல்வார்கள். சாஃப்ட்வேரிலும் அப்படியே பெயர் வைக்கவேண்டியதுதானே. படிகளையும் பெயர்களையும் அண்ணன் சொல்லச் சொல்ல மற்றவர் ஏற்றியிருந்தால், அது அவர் சாமானாக ஆகியிருக்கும்.

செய்தது தலைகீழ். "சின்னப் பையன், சீக்கிரம் பிடிச்சுக்குவான்" என்று, சி.ஏ. படிப்புக்காக வேலை பழக வந்த ஆர்ட்டிகிள்ஸ் பையனுக்கு முதலில் கற்றுக்கொடுத்து, அவனைவிட்டு எல்லோருக்கும் சொல்லித்தரச் சொன்னார்கள். செட்டியார் கடைகளில் புதிதாகச் சேரும் பெட்டியடிப் பையன், தனக்கு மேலே இருக்கும் அடுத்தாளிடம் கற்றுக்கொண்ட ஊர் இது. நேற்று வந்தவனிடம் போய் "தம்பி, இதை எப்படித் திறக்கிறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்க அண்ணனுக்கு மனம் வருமா? தவிர, 2023 ஜூலை முதல் சேரும் ஆர்ட்டிகிள்ஸுக்கு மூன்று வருஷமில்லை, இரண்டே வருஷம். பையன் கற்றதை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மூத்தவருக்கு முதலில், சனிக்கிழமை மதியம், தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

திரை ஏன் பச்சையாக இருந்தது என்பதற்கு வருகிறேன். முதல் வாரத்திலேயே யாரோ ஒருவரிடம், "இந்த ஒரு ரிட்டர்னுக்கு நாலு மணி நேரமா?" என்று திரையைக் காட்டிக் கேட்டிருக்கிறார் முதலாளி. மறுநாளிலிருந்து எல்லா வேலையும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது!

நிலைமையைத் திருப்பியது ஒரு தகராறு. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் ஏறியிருந்த ஒரு 3பி. "நான் பில்லை அப்பவே கொடுத்துட்டேனே" என்று பார்ட்டி சத்தம் போட்டார். நல்லவேளையாக, கணக்குப் பார்க்கும் பெண் மூன்று முறை நினைவூட்டியதைத் தேதியோடு சாஃப்ட்வேரில் பதிந்திருந்தார். திரையைத் திருப்பிக் காட்டியதும் பார்ட்டி அடங்கிவிட்டார். அதன்பின் "பார்ட்டியிடம் நிற்கிறது" என்று ஒரு நிலையைச் சேர்த்துக்கொண்டார்கள். பழி தன் தலையில் விழாமல் இது காக்கிறது என்று தெரிந்த பிறகு, யாரும் சொல்லாமலே பதிய ஆரம்பித்தார்கள்.

நோட்டைப் பிடுங்கவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். ஒரு தேதி சொல்லுங்கள். அதற்குள் நோட்டில் இருப்பதெல்லாம் திரைக்கு வந்துவிட வேண்டும் என்று. அண்ணன் டிராயரில் அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. கடைசிப் பதிவு ஜனவரி 20. அதற்குப் பின்னால் இருக்கும் பக்கங்களில் டீக்கடைப் பாக்கி எழுதுகிறார்.