முள்ளுக்காட்டில் முகூர்த்தம்: தோட்டத்தில் விசேஷம் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு தோட்டம். கள்ளி வகைகள், கற்றாழை, வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு அங்கே பந்தல், சமையல், வண்டி எல்லாம் என் பொறுப்பு. மேற்கே பார்த்த மாதிரி மொய் மேசையைப் போட்டுவிட்டார்கள். ஏழு மணிக்கு ஒரு காற்று அடித்தது பாருங்கள், ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் நேராகப் போய்க் கிளுவை முள்ளில் குத்தி நின்றன. மொய் எழுத உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நான் மொய் எழுதறதா, வேலியில நோட்டுப் பொறுக்கறதா?" என்றார். அன்றிலிருந்து மேசையைச் சுவர் மறைவில்தான் போடுகிறேன். நோட்டின் மேல் வைக்க நாலு வெங்கச்சாங்கல்லும் கழுவி வைத்திருப்பேன்.

மண்டபக் கல்யாணம் அலுத்துப்போய் இப்போது நிறையப் பேர் இந்த மாதிரி வறண்ட நிலத் தோட்டங்களைத் தேடி வருகிறார்கள். காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று எல்லாமே நடக்கிறது. பாதிப் பேர் போனில் ஒரு படத்தோடு வருவார்கள். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் 1939-ல் திறந்த பாலைவனத் தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. ஆளுயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு கள்ளிகளுக்கு நடுவே அங்கே கல்யாணம் நடத்துகிறார்கள். அதே மாதிரி வேண்டும் என்பார்கள். முதல் தவறே இதுதான். அங்கே நிற்கும் சகுவாரோ கள்ளியில் ஒரு கை கிளைக்கவே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும், அதை இங்கே எங்கே போய்ப் பிடிப்பது? அதைவிடப் பெரிய சிக்கல் தேதி. ஃபீனிக்ஸில் வெயில் தணிந்து அக்டோபர், நவம்பரில் விசேஷம் களைகட்டும். நமக்கு அது ஐப்பசி, கார்த்திகை. நம் பக்கம் வருஷத்தில் பெய்யும் கொஞ்ச மழையும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். வைகாசியில் வைத்தால் கரூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியை எட்டும். திறந்த வெளிக்குத் தை, மாசி தோதான மாதங்கள். முகூர்த்தம் அப்போது அமையாவிட்டால் மண்டபமே மேல் என்று நானே சொல்லியிருக்கிறேன், வந்த வேலையைக் கெடுத்துக்கொண்டு.

காற்றைக் கணக்கில் எடுக்காததுதான் கொங்கு நாட்டில் அதிகம் பேர் செய்யும் தப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பாய்ந்து வந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று அடிக்கும். அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆடியில் மட்டும்தான் காற்று என்று நினைப்பார்கள். ஆனியிலும் இருக்கும், ஆவணியிலும் இருக்கும். ஆனி, ஆவணி என்றால் மணவறையின் முதுகு மேற்கே இருக்கட்டும், அந்தப் பக்கம் தட்டி வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள். பொண்ணு மாப்பிள்ளை எப்படியும் கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார்கள், குத்துவிளக்கும் அணையாமல் நிற்கும். சமையல் கொட்டகை கிழக்கு ஓரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் புகையும் பொறியும் பந்திக்குள் வந்துவிடும். தை மாதம் இது அப்படியே தலைகீழ், காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஒரே தோட்டத்துக்கு ஒரே வரைபடம் போட்டு வைத்திருக்கும் ஆளிடம் கொஞ்சம் சாக்கிரதையாக இருங்கள்.

இந்த மண்ணில் பந்தல் கயிறு கட்ட அடிக்கும் முளையும் இறங்காது. அரை அடிக்குக் கீழே சுக்காங்கல், கெட்டியான சுண்ணாம்புக் கல். முளை உள்ளே போன மாதிரி தெரியும், முதல் காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு காலுக்கும் மணல் மூட்டையோ கான்கிரீட் கட்டையோ எடை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். தென்னங்கீற்றுப் பந்தல் குளுகுளுவென்று இருக்கும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் கீற்றுக்கு அடியில் சூடேறும் விளக்கு, லூசான வயர், சமையல் அடுப்பு எதுவும் கூடாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பந்தலுக்கு மூன்று பக்கமாவது வழி விடுங்கள்.

அடுத்தது தண்ணீர். "போர் இருக்குதுங்க, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று தோட்டக்காரர் சொல்வார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பாருங்கள். பல இடங்களில் சப்பையான உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சாம்பாருக்கு உப்பு எவ்வளவு போடுவது என்று மாஸ்டர் குழம்புவார். ஆயிரம் பேருக்கு இரண்டு வேளை என்றால் 12,000 லிட்டர் லாரி இரண்டாவது முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கை கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒருமுறை சமையல் ஆட்கள் அண்டா அண்டாவாக வடிகஞ்சியை ஓர் உருண்டைக் கள்ளியின் அடியில் ஊற்றிவிட்டார்கள். செடிக்கு நல்லது என்ற நினைப்பு. மேலே பச்சையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்துத் தோட்டக்காரர் கூப்பிட்டுக் காட்டினார்: விரலால் தொட்டதும் அடிப்பாகம் களி மாதிரி உள்ளே போனது. அவர் அப்பா காலத்துச் செடி. அவரிடம் கொடுத்து வைத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போட்டோ எடுப்பவர்கள் பொண்ணைச் சப்பாத்திக்கள்ளி மேல் சாய்ந்து நிற்கச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் பெரிய முள்ளை விட, அதன் அடியில் கொத்தாக இருக்கும் மயிர் முள்தான் வில்லங்கம். பட்டுச் சேலையில் ஏறினால் அன்று முழுக்க அரிக்கும். தோலில் ஏறினால் தேய்க்காதீர்கள். இடுக்கியால் எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் பசை தடவி மெல்லிய துணி ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் வந்துவிடும். திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சீரியல் லைட் கட்டும் பையன்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள், கிளையை ஒடிப்பது அவர்கள்தான்.

நம் சீர்கள் எல்லாம் செருப்பில்லாமல் நடப்பவை. சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரரும் பொண்ணு மாப்பிள்ளையும் சுற்றி வரும் இடத்தில் நெருஞ்சி கிடந்தால் என்ன ஆகும்? முதல் நாள் சாயங்காலம் கூட்டி, தண்ணீர் தெளித்து, மேலே ஜமுக்காளம் விரிக்க வேண்டும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்துக்கு மணவறை ஜெகஜ்ஜோதியாக இருக்கும், கழிப்பறைக்குப் போகும் வழி மட்டும் கும்மிருட்டு. கற்குவியல் ஓரமாகச் சுருட்டை விரியன் கிடக்கும் நிலம் இது. அந்த வழிக்கும் விளக்குப் போடுங்கள். கடிபட்டால் அங்கேயே வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கார்களைக் காய்ந்த புல்லில் நிறுத்த விடாதீர்கள். சூடான சைலன்சர் பட்டுக் கொழுக்கட்டைப்புல் பற்றிக்கொள்ளும், வாணவெடி கேட்கவே வேண்டாம். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணியோடு சரி, தோட்டம் என்பதற்காகச் சட்டம் மாறாது.

அப்புறம் குப்பை. பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், மாடு மேய்ந்துகொண்டிருக்கும், இனிப்பு ஒட்டிய பிளாஸ்டிக் கவரை அது பார்த்துத் தின்னாது. மறுநாள் விடிந்ததும் நாலு ஆட்கள் சாக்கோடு வேலி ஓரம் நடக்க வேண்டும். ஆவணி என்றால் கிழக்கு வேலியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பாதிக்கு மேல் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும்.