வெளியுறவு அமைச்சருக்கு மனு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினம் மீனவ கிராமங்களில், இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர்களுக்காக மனு எழுதும் வேலை இப்போது படித்த பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் பழைய ஆட்கள் தடுமாறிய அதே இடங்களில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். எழுத்துப்பிழை, விடுபட்ட தேதி எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

அமைச்சர் உத்தரவு போடுவார் என்று காத்திருப்பது

"உடனே விடுதலை செய்ய உத்தரவிட வேண்டும்" என்று எழுதுகிறார்கள். அவரால் அப்படி உத்தரவு போட முடியாது, நம் ஆட்கள் இருப்பது இன்னொரு நாட்டு நீதிமன்றத்தின் காவலில். இலங்கை அமைச்சரிடம் பேசலாம், யாழ்ப்பாணத்தில் உள்ள நம் துணைத் தூதரகம் வழியாகச் சிறையில் போய்ப் பார்க்க வைக்கலாம், வக்கீல் உதவிக்கு வழி செய்யலாம். அதைக் கேளுங்கள்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. பக்கத்து ஊர் விசைப்படகுக்காரர் ஒருவர், டெல்லிக்கு மனு போய்விட்டது, ஆட்களும் ஊர் வந்துவிட்டார்கள், படகும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டார். "டெல்லி பார்த்துக்கொள்ளும், அலையாதே" என்று சொல்ல நாலு பேர் வேறு. படகு வழக்கு தனியாக நடக்கும், உரிமையாளர் ஆவணங்களோடு அங்கே போய் நிற்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாய்தா போயிற்று, படகு இலங்கை அரசுடைமை ஆயிற்று, கடன் மட்டும் அவர் தலையில் நிற்கிறது. அதனால் ஐ.என்.டி. டி.என். என்று தொடங்கும் படகுப் பதிவு எண், பிடிபட்ட தேதி, ஆட்களின் பெயர் எல்லாம் எழுதி, யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றைக்கே நகல் அனுப்புங்கள், அப்புறம் வாய்தா தேதியை விடாமல் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

அமைச்சர் பெயரை எழுதுவது

பதவியை எழுதுங்கள், போதும்.

"தேர்தலில் நிற்காதவர், நம் பேச்சு எடுபடாது" என்று நினைப்பது

2019 மே 30 அன்று ஜெய்சங்கர் வெளியுறவு அமைச்சராகப் பதவியேற்றபோது எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை, ஜூலையில்தான் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்கு வந்தார். பிரதமர் பரிந்துரைக்கிறார், குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், ஆறு மாதத்துக்குள் எம்.பி. ஆகிவிட வேண்டும், சட்டம் அவ்வளவுதான். எப்படி வந்திருந்தாலும் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தால் அவர் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அவர் கையில் ஒரு நகல் கொடுங்கள்.

கச்சத்தீவை இழுப்பது

வேண்டாம். தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இரண்டு நாட்டுப் பிரதமர்கள், உங்கள் மனுவைப் பார்த்து இந்த அமைச்சர் மாற்றிவிடக்கூடியது அல்ல அது.

மாநில அரசுக்கு மட்டும் எழுதுவது

வெளிநாட்டு விவகாரம் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில், அதாவது மத்திய அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. முதலமைச்சரும் இதே அமைச்சருக்குத்தான் கடிதம் எழுதுகிறார்.